ஆகஸ்ட் ஒன்பதில் நின்ற காலண்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மறைக்கிறதற்கு ஒன்றுமில்லை, சாலைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தம்பானூரில் ஒரு லாட்ஜில் இருபத்தெட்டு வருஷம் பெட்ஷீட் மாற்றினேன். "பகவதியக்கா வாறாங்க" என்றால் மேனேஜரே சிகரெட்டை அணைத்துவிடுவார். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. குணம் இருந்து என்ன செய்ய? கோபம் செய்துவைத்த வேலையைக் குணம் வந்து திருத்தியதாக எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

என் மகள் சுஜாவிடம் நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஏழெட்டு வயதாக இருக்கும்போது, "அம்மா, அப்பா கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லல. சட்டையப் போட்டாரு, போனாரு" என்றேன். பிள்ளை அதை நம்பிவிட்டது. அப்பா செத்தபோது அவள் ஐந்து மாதக் குழந்தை. அவளுக்கு வேறு யாரிடம் கேட்க இருக்கிறது?

ஆனால் அவர் சொன்னார். என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏ பகவதி, இங்க ஒண்ணு பாரேன்" என்றார். நான் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் பேசும். அப்புறம் நாள்கணக்கில் பேசாது. அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே அது என் வழக்கம். அன்றைக்குப் பேசாமல் மூன்றாவது நாள். நான் திரும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "செரி, சாயங்காலம் பாப்போம்" என்று சொல்லிப் போனார். பதினொரு மணிக்கு ஆரியசாலையில் லாரியிலிருந்து அரிசி இறக்கும்போது அடுக்கு சரிந்தது. அவர் அடியில் நின்றிருந்தார்.

முப்பத்தாறு வருஷமாக எனக்கு இதே யோசனைதான். என்ன காட்ட வந்தார் அந்த மனுஷன்?

அவர் பெயர் வேலாயுதன். சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குகிற வேலை. நீலச்சட்டை, தலையில் சும்மாடு, ஒரு குவிண்டால் மூட்டையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடுவார். அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது, கார்ட்டூன். அந்தக் காலத்தில் டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் "ஓடுன்ன வரகள்" என்று ஒரு மலையாள நிகழ்ச்சி வரும். ஓடும் கோடுகள் என்று அர்த்தம். வழுக்கைத்தலையும் கட்டிக் கண்ணாடியுமாக ஒரு மாஷ், அதாவது வாத்தியார், வந்து, அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை கார்ட்டூன்களைக் கொஞ்சம் போட்டுக் காட்டுவார், நிறுத்துவார், இதை எப்படி வரைந்தார்கள் என்று விளக்குவார். நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை, வீட்டுக்காரம்மா லலிதாம்பாள் வீட்டின் பின்கட்டில். அவர்கள் ஹாலில் டிவி உண்டு. தெருப் பிள்ளைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கும். வாசற்படியில் இவர், தோளும் துண்டுமாக, அந்தப் பிள்ளைகளைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு.

எனக்கு மானம் போகும். லலிதாம்பாள் மாமிக்கோ அது ஒரு வேடிக்கை. "ஏண்டி பகவதி, உன் ஆம்படையான் கொழந்தையோட கொழந்தையா சிரிச்சுண்டிருக்கான். ஊர்ல ஆம்படையான்கள் சாராயக்கடைல உக்காந்திருக்கான்கள். நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டிருக்கே?" என்பாள். புத்தியுள்ள பேச்சு. காதில் ஏறினால்தானே.

அவர் போன பிறகு அந்த நிகழ்ச்சியைத் திட்டாத நாள் கிடையாது எனக்கு. சுஜாவுக்குச் சோறு ஊட்டும்போதே, "உங்கப்பன் நமக்குச் சேர்த்து வச்சது என்ன? ஓடுன்ன வரகள்!" என்று சொல்லிச் சொல்லி ஊட்டியிருக்கிறேன். அதனால் அந்தப் பெயர் அவளுக்கு மனப்பாடம். அதுதான் இப்போது திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரமனையில் இப்போது மகளோடுதான் இருக்கிறேன். மருமகன் ஷிஜு அவன் அம்மாவைப் பார்க்க ஆற்றிங்கல் போயிருந்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சுஜா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள்.

"அம்மா, இது கண்டோ? ஓடுன்ன வரகள்! யாரோ பழைய டேப்பெல்லாம் யூடியூப்ல போட்டிருக்கான். நாலு எபிசோடு கிடைச்சு."

"அந்தக் கழிசடைய எனக்குக் காட்டாத. எடுத்துட்டுப் போ."

"நீ பாக்கண்டாம். நான் பாக்கேன். இங்க இருந்து பாக்கேன், அவ்வளவுதான்."

"எதுக்கு? உனக்கு வேற சோலி இல்லையா?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, எனக்கு அப்பாவோட ஒரு கல்யாண போட்டோ உண்டு. அதுலயும் மாலை மூஞ்சிய மறைக்கி. குரல் கேட்டிட்டில்ல. நடக்கது கண்டிட்டில்ல. அப்பா என்னத்தப் பாத்துச் சிரிச்சாருன்னாவது நான் பாக்கண்டாமா?"

வெங்காயத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரும், அது பெரிய உபகாரம். இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன். அவள் போட்டாள்.

படம் மழையில் நனைந்த மாதிரி ஓடியது. ஓரத்தில் கோடு கோடாக இழுத்தது. ஆனால் அதே மாஷ், அதே வழுக்கை. ஒரு பூனை மதில்மேல் நடந்தது, மதில் தீர்ந்த பிறகும் வெறும் காற்றில் நாலு அடி நடந்தது, அப்புறம் கீழே பார்த்தது, அப்புறம்தான் விழுந்தது. சுஜா சிரித்தாள். மூச்சை உள்ளே இழுத்து, தோள் குலுங்கி, கடைசியில்தான் சத்தம் வருகிற அந்தச் சிரிப்பு அவருடையது. முப்பத்தாறு வருஷமாக என் கூடவே இருக்கிற சிரிப்பை நான் அன்றைக்குத்தான் அடையாளம் கண்டேன். என்ன பிறவி நான்!

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அவர் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல். மருந்து வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். வாங்கிக்கொண்டு வருகிற வழியில் டிவிச் சத்தம் கேட்டிருக்கிறது. மருந்துக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடிப் போனேன். அங்கே தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிப்பு!

"மூட்ட தூக்கித் தூக்கி மூளையும் மூட்டையாயிட்டா உமக்கு? பெத்த பிள்ள நெருப்பாக் கொதிக்கி. நீரு பூனையப் பாத்து இளிக்கீரு!"

அத்தனை பிள்ளைகளுக்கும், மாமிக்கும் முன்னால். மாமி டிவியை அணைத்துவிட்டாள். அவர் எழுந்து குப்பியை என் கையில் தந்தார். முகம் செத்துப்போயிருந்தது. குழந்தைக்கு மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. எனக்கு இறங்கவில்லை.

இதை எல்லாம் சுஜாவிடம் சொன்னேனா? இல்லை. உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது எபிசோடில் மாஷ் ஒரு தடிப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். கேமராவும் வேண்டாம், ஸ்டூடியோவும் வேண்டாம், வீட்டிலேயே கார்ட்டூன் உண்டாக்கலாம் என்றார். புத்தகம் தடியாக இருக்க வேண்டும், தாள் மெலிசாக இருக்க வேண்டும். "அவசானத்தெ பேஜில் நின்னு தொடங்ஙணும்" என்றார். கடைசிப் பக்கத்தின் மூலையில் முதல் படம். அதன்மேல் முந்திய தாளைச் சாய்த்தால் அடியில் உள்ள படம் நிழல் மாதிரித் தெரியும். அதைப் பார்த்து, கையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி அடுத்த படம். இப்படியே பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். எல்லாம் முடிந்ததும் தாள்களைக் கட்டை விரலால் தூக்கி மடமடவென்று விட்டால் படம் ஓடும். மாஷ் விட்டுக் காட்டினார். ஒரு குச்சி மனிதன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான்.

"நல்ல ரசமாயிருக்கு, அல்லே?" என்றாள் சுஜா. "அப்பா இதப் பாத்து வரஞ்சு பாத்திருப்பாரோ?"

"வரையதுக்கு வீட்டுல புஸ்தகம் வேண்டாமா? மூட்ட தூக்கதவன் வீட்டுல தடிப் புஸ்தகம் எங்க இருக்கு?"

சொல்லி வாய் மூடவில்லை. கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

அவர் என்மேல் சத்தம் போட்டது ஒரே ஒரு தடவை. அவர் போவதற்கு முந்தின மாதம், ஜூலையில். சுவரில் ஒரு கரப்பான் போயிற்று. கைக்கு அகப்பட்டது தினசரிக் காலண்டர்; ஆணியிலிருந்து கழற்றி ஓங்கினேன். "எடி, அத வைய்யி!" என்று ஒரு அலறல். நான் பயந்தே போனேன். கரப்பானும் போயிற்று. "காலண்டருக்கு எதுக்குய்யா இந்த ஆட்டம்?" என்று கேட்டேன். "சாமி படம் உண்டு. அதால அடிக்கப்பிடாது" என்று சொல்லி வாங்கி, உள்ளங்கையால் தடவி, ஆணியில் மாட்டினார். பெரிய பக்திமான் என்று நான் பரிகாசம் பண்ணினேன். அந்த மனுஷன் கோவிலுக்குப் போவதே பாயசத்துக்கு.

அது தமிழ்க் காலண்டர். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடைக்காரர் சிவகாசியில் அடித்துவந்து, வருஷப்பிறப்புக்குத் தொழிலாளிகளுக்கெல்லாம் தருவார். மேலே அட்டையில் முருகன், கீழே முந்நூற்று அறுபத்தைந்து தாள். தினமும் காலையில் எழுந்ததும் நான்தான் கிழிப்பேன். முந்தின நாளைக் கிழித்துச் சுருட்டி அடுப்பில் போட்டால்தான் எனக்கு நாள் தொடங்கும். எங்கள் வீட்டில் தடிப் புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். மாஷ் சொன்ன மாதிரி மெலிசுத் தாள்.

"அம்மா? என்னம்மா, கை அறுத்துட்டியா?"

"உங்கப்பாவோட பெட்டிய எடு" என்றேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது, திறந்தது குறைவு. நீலச்சட்டை, சும்மாட்டுத் துண்டு, அடியில் துணியில் சுற்றிய காலண்டர். அவரைக் கொண்டுபோன பிறகு நான் தாள் கிழிக்கவில்லை. ஆகஸ்ட் ஒன்பது, புதன்கிழமை. அப்படியே ஆணியிலிருந்து கழற்றிச் சுற்றி வைத்ததுதான். கிழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை.

சுஜா அதை மடியில் வைத்தாள். தாள் எல்லாம் தேயிலை நிறத்துக்குப் போயிருந்தது. அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசித் தாளை மெதுவாகத் தூக்கினாள். டிசம்பர் முப்பத்தொன்று. ராகுகாலம் எமகண்டம் அச்சடித்த கட்டத்துக்குக் கீழே, வலது மூலையில், தீப்பெட்டி அளவு இடத்தில், நீல மையில் ஒரு படம்.

ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுதான் தெரிகிறது. முன்னால் ஒரு அடுப்பு, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை.

"அம்மே!" என்றாள் சுஜா.

தாள் பொடிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். எனக்குப் பொறுமை இல்லை, எப்போது இருந்தது? "விடு பாப்போம், மாஷ் விட்டாருல்லா, அது மாதிரி விடு" என்றேன். அவள் எல்லாத் தாளையும் கட்டை விரலால் தூக்கி, அட்டையின்மேல் ஒவ்வொன்றாக விழ விட்டாள்.

அடுப்பின் புகை ஆடியது. மூலையிலிருந்து, தலையில் மூட்டையோடு ஒரு ஆள் வந்தான். குட்டையாக, தோள் மட்டும் பெரிதாக. மூட்டையை இறக்கினான். அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். துண்டை உதறி ஒரு ஆட்டம் போட்டான். முதுகு அசையவில்லை. தலைகீழாக நின்றான், வேட்டி கீழே சரிந்து முகத்தை மூடியது. முதுகு அசையவில்லை. எழுந்து, காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று.

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த முதுகு என்னுடையதேதான். கொண்டை கூட அப்படியே கோணலாக. என் கோபத்தை இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்து, அதற்குக் கோபிக்காமல், அதை வைத்து ஒரு கார்ட்டூன் போட்டிருக்கிறார் பாருங்கள் அந்த மனுஷன்! நான் பைப்படியில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில்தான் வரைந்திருக்க வேண்டும். குடத்தோடு வந்தால் விரலில் மை இருக்கும். "எழுத்து படிக்கீரோ இந்த வயசுல?" என்று அதற்கும் ஒரு குத்து விட்டிருக்கிறேன்.

சுஜா மறுபடி விட்டாள். இந்தத் தடவை அவள் வேறொன்றைக் கண்டாள். படத்தின் மேல்பக்கம் ஒரு கயிறும் அதில் தொங்குகிற ஒரு வளைவும். ஒவ்வொரு தாளிலும் அது கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்.

"இது என்னதும்மா ஆடுது?"

"தொட்டில்."

"நானா?"

"பின்ன யாரு?"

அவள் அந்தத் தாளின்மேல் விரலை வைத்து எடுக்கவே இல்லை. அப்பா தன்னை ஆட்டிவிட்டதை அவள் இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். இந்த அப்பனைத் திட்டித் திட்டித்தானே நான் அவளுக்குச் சோறு ஊட்டினேன்.

மூன்றாவது தடவை மெதுவாக, ஒவ்வொரு தாளாகப் போனோம். மூன்று தோப்புக்கரணம் முடிந்து அவன் களைத்து உட்கார்கிறான். அப்போது அந்த முதுகு அசைகிறது. செப்டம்பர் பதினைந்தில் கொண்டை கொஞ்சம் நகர்கிறது. பதிமூன்றில் ஒரு காது தெரிகிறது, காதில் கம்மல். பன்னிரண்டில் கன்னத்தின் ஓரம். பதினொன்றில் மூக்குத்தி, ஒரு புள்ளியாக. செப்டம்பர் பத்தில் மூக்கும் உதட்டின் ஒரு முனையும். அந்த முனை மேலே வளைகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

செப்டம்பர் ஒன்பது வெறும் தாள்.

எட்டும் வெறும் தாள், ஏழும் அப்படியே. ஆகஸ்ட் ஒன்பது வரைக்கும் ஒன்றுமில்லை. சுஜா எண்ணினாள். வரைந்தது நூற்றுப் பதின்மூன்று, வரையாதது முப்பத்திரண்டு. அவர் பின்னாலிருந்து வரைந்துகொண்டு வந்திருக்கிறார், நான் முன்னாலிருந்து கிழித்துக்கொண்டு போயிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் நடுவில் எங்கேயாவது சந்தித்திருப்போம். முடியாத படத்தை அன்றைக்குக் காலையில் எதற்குக் காட்ட வந்தார் என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியும். மூன்று நாளாக ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் வேறு என்னதான் செய்வார்?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவ்வளவுதான் என் கதை. ஒரு தலை, இந்த ஒரு தலை, தோளுக்குமேல் இத்தனை அங்குலம் திரும்ப வேண்டியிருந்தது. அதைத் திருப்ப அவர் நூற்றுப் பதின்மூன்று படம் போட்டார்.

சுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் கதை கேட்கும்போது கேட்பாளே, அந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பின்ன என்னம்மா ஆச்சு? அந்தப் பொண்ணு திரும்பிச்சா?"

திரும்பினாள் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை நம்பியிருக்கும். சிரித்திருக்கும். ஒரு பொய்யை முப்பது வருஷம் காப்பாற்றியவளுக்கு இன்னொன்று பெரிய காரியமில்லை. ஆனால் அந்த வெள்ளைத் தாள்களைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"இல்ல மக்களே" என்றேன். "உங்கப்பா கூப்பிட்டாரு. இங்க ஒண்ணு பாரேன்னு, இதத்தான் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிட்டிருக்காரு. நான் திரும்பல."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், என் மகள்தானே. காலண்டரைத் தன் மடியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். என் கட்டை விரலைப் பிடித்துத் தாள்களுக்கு அடியில் கொடுத்தாள்.

நான் விட்டேன். அவர் மூட்டையோடு மறுபடியும் வந்தார்.